யாரைப் பார்த்து நாம் ஊர் கிளம்பலாம்?

ஒரு பயண வீடியோவை நான் எடை போடுகிற விதம் இதுதான். பார்த்து முடித்ததும் கை தானாக ஐஆர்சிடிசி பக்கம் போகிறதா? "பொங்கலுக்கு நாலு நாள் லீவு சேர்ந்து வருதே" என்று வீட்டில் பேச்சை எடுக்கத் தோன்றுகிறதா? அப்படிக் கிளப்பிவிடுகிறவர் நல்ல பதிவர். "குடுத்து வச்ச மனுஷன்" என்று பெருமூச்சு விட்டு போனைக் கீழே வைக்கத்தான் தோன்றுகிறது என்றால், அவர் ட்ரோனை எவ்வளவு உயரத்தில் பறக்கவிட்டாலும் எனக்குப் பிரயோஜனம் இல்லை.

ஆபீஸில் புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகள் அடிக்கடி கேட்கிறார்கள்: "அக்கா, எங்கயாவது போகணும், ஐடியாவுக்கு யாரை ஃபாலோ பண்ணலாம்?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாட்ஸ்அப்பில் அனுப்புவதற்குப் பதில் இங்கேயே எழுதிவிடுகிறேன். ஆண் பதிவர்களைப் பற்றி மட்டும். ஊர் சுற்றும் பெண்களைப் பற்றி இதே நீளத்துக்குத் தனியாக எழுத வேண்டும். ஆண்களைத் தனியாகப் பிரித்ததற்குக் காரணம் இருக்கிறது, கீழே வரும்.

இந்த வரிசையை யூடியூபில் ஆரம்பிக்க எனக்கு மனம் வரவில்லை. கோட்டையூர்க்காரர் ஏ.கே. செட்டியாரிடம் இருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். 1911இல் பிறந்தவர். டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை படித்தவர். 1937இல் நியூயார்க்கில் இருந்து டப்ளினுக்குக் கப்பலில் போகிற வழியில், காந்தியைப் பற்றி ஒரு ஆவணப்படம் எடுக்கலாமே என்று அவருக்குத் தோன்றியது. காந்தி இடம்பெற்ற படச்சுருள் எந்த நாட்டில் யாரிடம் இருக்கிறது என்று தேடி அலைந்து சேர்த்து, 1940இல் படத்தை வெளியிட்டார். இவ்வளவு செய்த மனிதரை அவருடைய பயணக் கட்டுரைகளுக்குள் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்தவர் என்ன பேசினார், கடைக்காரர் எப்படி நடந்துகொண்டார், அந்த ஊரில் சாப்பாடு எப்படி, இதெல்லாம் வரும். "நான்" என்பது மட்டும் ஓரமாக நிற்கும். தான் எழுதியது போதாது என்று, தமிழ்நாட்டைப் பற்றி மற்றவர்கள் எழுதிய பழைய பயணக் கட்டுரைகளையும் தேடித் தொகுத்து வைத்துவிட்டுப் போனார். இன்றைக்கு கேமராவைத் தன் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நடக்கிற தம்பிகள் எல்லோரும் இவரைப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

அந்தக் குணம் நம் காலத்தில் யாரிடம் இருக்கிறது என்று கேட்டால், நான் சந்தோஷ் ஜார்ஜ் குளங்கராவைச் சொல்வேன். கோட்டயம் பக்கத்து மரங்காட்டுப்பிள்ளிக்காரர். 2001இல் ஏஷியாநெட் டிவியில் "சஞ்சாரம்" என்கிற பயண நிகழ்ச்சியை ஆரம்பித்தார், 2013இல் பயணத்துக்கென்றே சஃபாரி என்று ஒரு சேனல். தனியாகப் போவார், கேமராவையும் அவரே தூக்குவார். அதனால் நிகழ்ச்சியில் அவர் முகம் அதிகம் தெரியாது, ஊர்தான் தெரியும். மலையாளம் புரியாதே என்று தள்ளிவிடாதீர்கள், பத்து நிமிஷத்தில் காது பழகிவிடும். அவரிடம் எனக்குப் பிடித்தது, ஒரு நகரத்துக்குள் போனால் அங்கே நடைபாதை எப்படி இருக்கிறது, ஆற்றங்கரையை எப்படி வைத்திருக்கிறார்கள், சந்தையில் குப்பை எங்கே போகிறது என்று பார்ப்பார். பார்த்ததை நம் ஊரோடு வைத்துப் பேசுவார். 2021இல் கேரள அரசு அவரை மாநிலத் திட்டக் குழுவில் உறுப்பினராக்கியது. ஊர் சுற்றியவனின் கண்ணுக்கு ஒரு அரசு கொடுத்த மரியாதை என்றே அதை நினைக்கிறேன். கூவம் ஓரமாகத் தினமும் பஸ்ஸில் போகிற எனக்கு, அவர் காட்டுகிற ஒவ்வொரு ஆற்றங்கரையும் வயிற்றெரிச்சலையும் நம்பிக்கையையும் சேர்த்தே கொடுக்கிறது.

தமிழில் என்றால் முதலில் "தமிழ் டிரெக்கர்" யூடியூப் சேனல் நடத்துகிற புவனிதரன். இவரைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே எழுதப் போகிறேன். ரோட்டோரம் நின்று கை காட்டுவார், நிற்கிற லாரியில் ஏறிக்கொள்வார், டிரைவரோடு பேசிக்கொண்டே போவார். ஆப்பிரிக்க நாடுகளில் அவர் எடுத்த வீடியோக்கள் எங்கள் வீட்டில் என் அம்மாவுக்கும் பிடிக்கும். இரவுச் சாப்பாட்டுக்கு நடுவில் "அந்தப் பையன் இன்னைக்குச் சாப்பிட்டானா?" என்று கேட்பார். சினிமாவிலும் செய்தியிலும் ஆப்பிரிக்கா என்றால் பயம், பசி, துப்பாக்கி என்றே பார்த்து வளர்ந்த ஒரு தலைமுறை அம்மாவுடையது. அவர் இப்போது "அங்கேயும் வாழைக்காய் வறுக்கிறாங்க பாரு" என்று திரையைக் காட்டுகிறார். ஒரு கண்டத்தைப் பற்றி ஒரு அம்மாவின் மனதை மாற்றுவது சின்ன வேலையா? ஆங்கிலம் சரளமாக வராவிட்டால் வெளிநாடு போக முடியாது என்கிற நம் ஊர்ப் பயத்தையும் இந்த வகை வீடியோக்கள் உடைத்திருக்கின்றன. தெரிந்த நாலு வார்த்தையை வைத்துக்கொண்டு சிரித்த முகமாகப் பேசினால் காரியம் நடக்கிறது என்று கண்ணால் பார்க்கிறோம்.

ஆனால் பார்ப்பது வேறு, கிளம்புவது வேறு. ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை இல்லாமல் போய் வர முடியாது. சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். போட்டு 10 நாள் கழித்துத்தான் அந்த அட்டை செல்லுபடியாகும். டிக்கெட் எடுத்த பிறகு இதைக் கேள்விப்பட்டுத் தவித்தவர்களை எனக்குத் தெரியும். எல்லாப் பதிவர்களிடமும் நான் எதிர்பார்ப்பது இந்த மாதிரித் தகவலைத்தான்.

இப்போது, ஆண்களைத் தனியாகப் பிரித்த காரணம். லாரிக்குக் கை காட்டுவதும், பஸ் ஸ்டாண்ட் பெஞ்சில் பையைத் தலைக்கு வைத்துத் தூங்குவதும், பழக்கமில்லாதவர் வீட்டில் ராத்திரி தங்குவதும் ஒரு ஆண் பிள்ளைக்குச் செலவு மிச்சம். எங்களுக்கு அப்படி இல்லை. "ஒரு நாளைக்கு 500 ரூபாயில் சுற்றினேன்" என்று ஒரு தம்பி சொன்னால், அந்த 500க்குள் அவர் ஆணாக இருப்பதன் விலையும் சேர்ந்திருக்கிறது. அதே பாதையில் நான் போனால் கதவு சரியாகத் தாழ்ப்பாள் விழுகிற அறை வேண்டும், அதுவும் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் வேண்டும், இருட்டுவதற்குள் போய்ச் சேர வேண்டும். செலவு இரண்டு மடங்காகும். 2023 டிசம்பர் கடைசியில் சென்னைப் புறநகரில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்ததில் இருந்து, தெற்கே இருந்து விடியற்காலை 2 மணிக்கு வந்து இறங்குகிற ஒரு பெண்ணுக்கு ஊருக்குள் வந்து சேர்வதே தனிப் பயணமாகிவிட்டது. இதை எந்த ஆண் பதிவர் மேலும் குற்றமாகச் சொல்லவில்லை. அவர்கள் அனுபவித்த சுதந்திரம் உண்மையானது, அதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாகவே இருக்கிறது. கூடவே "இது எனக்குச் சரிப்பட்டது, குடும்பமாகவோ பெண்கள் தனியாகவோ வந்தால் இந்தப் பக்கம் தங்குங்கள்" என்று ஒரு வரி சொல்கிறவர் இருக்கிறாரே, அவரைத்தான் நான் விடாமல் பின்தொடர்கிறேன். அந்த ஒரு வரிக்கு அவர் யாரையோ நின்று விசாரித்திருக்க வேண்டும்.

இந்தியில் இரண்டு பேரைச் சொல்லலாம். விசா2எக்ஸ்ப்ளோர் ஹரீஷ் பாலி ஒரு மாநிலத்தை எடுத்தால் தொடராகவே செய்வார். அறையைக் காட்டுவார், வாடகையைச் சொல்வார், காலையில் எங்கே சாப்பிட்டார் என்று சொல்வார். நிதானமான மனிதர், வயதான பெற்றோரோடு போகத் திட்டம் போடுகிறவர்களுக்கு ஏற்றவர். மவுண்டன் டிரெக்கர் வருண் வாகீஷ் குறைந்த செலவில் வெளிநாடு போகிறவர். நம்மைப் போலவே இந்தியப் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கிறவர்.

அந்தப் பாஸ்போர்ட் விஷயம் முக்கியம். நோமாடிக் மேட் என்கிற அமெரிக்கர் மேத்யூ கெப்னஸ் 2008இல் இருந்து வலைப்பூ எழுதுகிறார். செலவைக் கணக்குப் போடுவது எப்படி, எதில் மிச்சம் பிடிக்கலாம் என்று பிரித்துப் பிரித்து எழுதுவதில் அவர் கெட்டிக்காரர். அந்த முறையை எடுத்துக்கொள்ளுங்கள், தொகையை எடுத்துக்கொள்ளாதீர்கள். அமெரிக்கப் பாஸ்போர்ட்டில் அப்படியே இறங்கிப் போய்விடுகிற நாட்டுக்கு, நாம் ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்ட், சம்பளச் சீட்டு, லீவு லெட்டர், திரும்பி வருகிற டிக்கெட் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு அலைகிறோம். யூடியூபர் ட்ரூ பின்ஸ்கி உலகின் 197 நாடுகளையும் 2021இல் சவூதி அரேபியாவோடு சுற்றி முடித்தார். உழைப்பு பெரியது, மறுக்கவில்லை. ஆனால் நாடுகளின் எண்ணிக்கை என்னை எங்கேயும் கிளப்பியதில்லை. 2007இல் வீட்டை விற்றுவிட்டுக் கிளம்பிய கேரி ஆர்ன்ட் என்னைக் கிளப்பினார். உலகப் பாரம்பரியச் சின்னங்களைத் தேடித் தேடிப் படம் எடுத்தவர் அவர். அவர் படங்களைப் பார்த்த பிறகுதான், மாமல்லபுரத்துக்குப் போனால் கடற்கரையோடு திரும்பிவிடாமல் அர்ச்சுனன் தபசுக்கு முன்னால் காலை வெயிலில் நின்று பார்க்கத் தோன்றியது. பாறையின் நடுப் பிளவில் நாகர்கள் மேலே ஏறி வருவதும், இடப்பக்கம் எலும்பும் தோலுமாக ஒற்றைக் காலில் தவம் செய்பவரும், வலப்பக்கம் யானைகளின் காலடியில் கள்ளத் தவம் செய்கிற பூனையும் அந்த வெளிச்சத்தில் தனித்தனியாகத் தெரியும். சென்னையில் இருந்து ஒன்றரை மணி நேரம். சாப்பாட்டுக்காகவே ஊர் போகிறவர்களுக்கு பாங்காக்கில் இருந்து சாப்பாட்டு வீடியோ செய்கிற மார்க் வீன்ஸ் இருக்கிறார், அவரைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எழுத்தையும் மறந்துவிடாதீர்கள். தில்லியில் இருந்து வெங்கட் நாகராஜ் "சந்தித்ததும் சிந்தித்ததும்" வலைப்பூவில் வருஷக்கணக்காகத் தமிழில் பயணத் தொடர் எழுதிவருகிறார். வடகிழக்கு மாநிலங்கள், இமாச்சலம், குஜராத் என்று நம் ஆட்கள் அதிகம் போகாத ஊர்களெல்லாம் அதில் இருக்கின்றன. மலைப்பாதையில் சிக்னல் போனால் வீடியோ ஓடாது. சேமித்து வைத்த கட்டுரை ஓடும். எந்த ஊரில் காபி கிடைக்காது, எங்கே குளிரும் என்பதை நம் வீட்டு அண்ணன் சொல்வது போல எழுதுகிறவர் கிடைத்தால் விடக்கூடாது.

யாரைத் தவிர்க்கிறேன் என்றும் சொல்ல வேண்டும். பணம் வாங்கிக்கொண்டு புகழ்வதைச் சொல்லாமல் மறைக்கிறவர்களை. விளம்பரம் என்றால் விளம்பரம் என்று போட வேண்டும் என இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் 2021 மே மாதமே விதி கொண்டுவந்தது. அது போட்டிருந்தால் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, அவர்களும் பிழைக்க வேண்டும். அதைவிடப் பெரிய விஷயம், அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் போய் "யாருக்கும் தெரியாத அருவி" என்று போடுகிறவர்கள். 2018 மார்ச் 11 அன்று போடி குரங்கணியில் மலையேறப் போய்க் காட்டுத்தீயில் மாட்டிக்கொண்டவர்களில் சென்னையில் இருந்து போன பெண்கள் நிறைய பேர். இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள். அந்த வாரத்துச் செய்தித்தாள்களில் வந்த முகங்கள் இன்னும் எனக்கு நினைவிருக்கின்றன. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசே 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்து, ஆன்லைன் முன்பதிவு, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி என்று ஏற்பாடு செய்திருக்கிறது. தீப்பிடிக்கும் மாதங்களில் மூடியும் விடுகிறார்கள். இதைச் சொல்லாமல் காட்டுப்பாதையைக் காட்டுகிறவர் எவ்வளவு பிரபலமானவராக இருந்தாலும் என் பட்டியலில் இல்லை.

கடைசியாக, வீடியோ போடுகிற தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள். 2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகளோடு சேர்த்து நம் செஞ்சிக் கோட்டைக்கும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம் என்கிற அங்கீகாரம் கிடைத்தது. அதிலிருந்து, கோட்டை இருக்கிற ராஜகிரி மலை உச்சியில் இருந்து சுற்றிச் சுற்றி எடுத்த ரீல்ஸ் வந்துகொண்டே இருக்கின்றன. அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் கிளாம்பாக்கத்தில் திருவண்ணாமலை வண்டி பிடித்தால் திண்டிவனம் வழியாகச் செஞ்சியிலேயே இறங்கிக்கொள்ளலாம், பௌர்ணமி அன்று மட்டும் அந்தப் பக்கம் தலைவைக்கக் கூடாது, கிரிவலக் கூட்டத்தில் நிற்க இடம் கிடைக்காது என்று எத்தனை பேர் சொன்னீர்கள்? வெயில் ஏறுவதற்குள் மலை ஏற வேண்டும், சாயங்காலம் போய் நின்றால் மேலே விடமாட்டார்கள் என்று? கையில் தின்பண்டப் பை தெரிந்தால் குரங்கு விடாது என்று? முக்கியமாக, படி ஏற ஆரம்பித்த பிறகு ஒரு பெண் பாத்ரூம் போக எங்கே போவாள் என்று? என் அம்மாவை அங்கே கூட்டிப்போகலாமா வேண்டாமா என்பதை அந்த ஒரு தகவல்தான் தீர்மானிக்கிறது. உங்கள் பத்து நிமிஷத்தில் ஒரு நிமிஷம் இதற்கு ஒதுக்குங்கள்.

தை பிறந்ததும் நானும் என் தங்கையும் செஞ்சிக்குப் போவதாக இருக்கிறோம். பஸ்ஸில்தான். வண்டி நேரம், டிக்கெட், கழிப்பறை, சாப்பாட்டுக் கடை எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு வந்து இங்கேயே போடுகிறேன்.