பேஸ்மென்ட் ஸ்டூடியோவும் ஃபோம் மோகமும்

கனடாவில் ஸ்காபரோ, மார்க்கம் பக்கம் வீட்டு பேஸ்மென்டில் பாட்டுப் பதிவு தொடங்கும் பிள்ளைகளில் பலர் மைக்குக்கு முன்னாலேயே வாங்குவது ஒரு பெட்டி ஃபோம். கறுப்பும் சிவப்புமாகக் கூம்பு கூம்பாக இருக்குமே, அந்த ஒரு அங்குலத் தடிப்புச் சதுரங்கள்தான். சுவர் முழுக்க ஒட்டிப் படமும் போடுவார்கள். அப்புறம் இன்பாக்ஸில் கேள்வி வரும்: "அண்ணை, மேல அம்மா நடக்கிறது மைக்கில அப்பிடியே விழுது. இன்னும் எத்தனை பெட்டி ஒட்டவேணும்?"

ஒன்றுமே வேண்டாம். ஃபோம் சத்தத்தை மறிக்காது. அறைக்குள் எழும் எதிரொலியைக் கொஞ்சம் உறிஞ்சும், அதுவும் கீச்சான ஒலிகளை மட்டும். முட்டை அட்டை அதுகூடச் செய்யாது. எதிரொலியை அடக்குவது ஒரு வேலை. வெளிச் சத்தம் உள்ளே வராமலும் உள்ளே வாசிக்கும் மிருதங்கம் மேலே போகாமலும் தடுப்பது முற்றிலும் வேறு வேலை. அதற்குப் பாரம் வேண்டும், காற்றுப் போகாத அடைப்பு வேண்டும், மேல்தளத்தோடு இறுக்கமாக ஒட்டாத சீலிங் வேண்டும். இரண்டையும் 'சவுண்ட்ப்ரூஃப்' என்று ஒரே பெயரில் விற்கிறார்களே, எனக்குக் கோபம் அங்கேதான்.

காசு மிச்சம் என்று மெத்தைக் கடை ஃபோமை வாங்கி ஒட்டுகிறவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். 2003 பெப்ரவரியில் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் 'த ஸ்டேஷன்' என்ற இரவு விடுதியில் மேடை வாணத்தின் பொறி சுவரில் சத்தத்துக்காக ஒட்டியிருந்த பாலியூரிதேன் ஃபோமில் பிடித்தது; 100 பேர் இறந்தார்கள். நம் பேஸ்மென்ட் பலவற்றில் வெளியே வர ஒரே படிக்கட்டுத்தான்.

சரி, கையில் கொஞ்சக் காசுதான் இருக்கிறது, என்ன செய்யலாம்? பேஸ்மென்டின் வெளிச்சுவர்கள் கொங்கிரீட், அதற்கு அப்பால் மண். அந்தப் பக்கங்களைப் பற்றிக் கவலையே வேண்டாம். சத்தம் போய்வருவது கதவு, சின்ன ஜன்னல், ஹீட்டர் குழாய்கள், சீலிங் வழியாக.

முதல் காசு கதவுக்கு. உங்கள் கதவைத் தட்டிப் பாருங்கள், டொக் டொக் என்று கேட்டால் உள்ளே வெறும் காற்றும் அட்டையும். கனமான முழுக் கதவு ஒன்று போட்டு, சுற்றிவர ரப்பர் பட்டி, அடியில் தரையைத் தொடும் பட்டி. சுவர்ப் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்து கிடந்தாலே போதும், எவ்வளவு தடித்த சுவரானாலும் 20 டெசிபலுக்கு மேல் தடுக்காது. ஜன்னலுக்குத் தடித்த ப்ளைவுட்டில் மூடி செய்யலாம், ஆனால் கையால் இழுத்தால் வர வேண்டும். ஆபத்துக்கு அதுதான் வாசல். வீட்டைச் சூடாக்கும் கேஸ் ஃபர்னஸ் இருக்கும் அறையை மட்டும் அடைக்கவே கூடாது. அது எரியக் காற்று வேண்டும். அதன் இரைச்சல் மைக்கில் விழாமல் இருக்க, பதிவு செய்யும் கால் மணி நேரம் தெர்மோஸ்டாட்டைக் குறைத்து வையுங்கள், ஒரு சதம் செலவில்லை. (ஜனவரியில் திரும்பக் கூட்ட மறந்தால் வீட்டில் கிடைக்கும் ஏச்சுக்கு நான் பொறுப்பில்லை.)

சீலிங்தான் காசைத் தின்னும் இடம். தீராந்தி வெளியே தெரிகிற, முடிக்காத பேஸ்மென்ட் என்றால் வாய்ப்பு உண்டு. இடையில் ராக்வூல் மாதிரி மினரல் வூல் (கல் இழைப் பஞ்சு), கீழே ரப்பர் கிளிப்பும் உலோகப் பட்டியும், அதில் இரண்டு அடுக்கு ட்ரைவால் (ஜிப்சம் பலகை). 5/8 அங்குலத் தடிப்புள்ள முழுப் பலகை ஒன்று கிட்டத்தட்ட 70 இறாத்தல், தனியாகத் தூக்க முயலாதீர்கள். நீளமான ஸ்க்ரூ ஒன்று பட்டியையும் தாண்டித் தீராந்தியில் ஏறினால் அந்த இடத்தில் கிளிப் இருந்தும் பயனில்லை. ஏற்கெனவே ட்ரைவால் அடித்த சீலிங் என்றால் அதன் கீழே இன்னொன்று அடிக்காதீர்கள். நடுவில் சிக்கும் காற்றிடைவெளியால் தாழ்ந்த ஒலிகள் முன்பைவிட அதிகமாகக்கூடப் போகலாம். அந்தக் காசில் மேலே அம்மா நடக்கும் இடத்தில் அடியில் பஞ்சு வைத்த தடித்த கம்பளம் விரியுங்கள். காலடிச் சத்தத்தைப் பிறக்கும் இடத்தில் பிடிப்பதே மலிவு.

எதிரொலிக்கு: நான்கு அங்குல மினரல் வூலை இரண்டடிக்கு நான்கடி மரச்சட்டத்தில் வைத்து மேலே துணி. பழைய பருத்திச் சேலை அருமையாகப் பொருந்தும். துணியை வாயில் வைத்து ஊதிப் பாருங்கள், காற்றுப் போனால் சரியான துணி. ஏழடிச் சீலிங்கில் 80 ஹெர்ட்ஸ் பக்கம் ஒலி தேங்கும். மிருதங்கத்தின் தொப்பி, அதாவது தாழ்ந்த ஒலி தரும் பக்கம், குமுறுவதற்கு அதுவும் ஒரு காரணம். தலைக்கு மேலே ஒரு சட்டம், மூலைகளில் முடிந்த மட்டும். பாடுவதற்கு என்றால் போர்வையைப் பலரும் மைக்குக்குப் பின்னால் தொங்கவிடுகிறார்கள். கார்டியாய்ட் மைக் கேட்பது முன்பக்கத்தை. பாடுபவரின் முதுகுக்குப் பின்னால்தான் போர்வை வர வேண்டும். அறைச் சத்தத்தையும் நுணுக்கமாகப் பிடிக்கும் கண்டென்சர் மைக்கைவிட 1966 முதல் வரும் ஷூர் எஸ்எம்58 போன்ற டைனமிக் மைக், வாய்க்குப் பக்கத்தில் வைத்துப் பாடினால், இந்த அறைகளுக்குத் தோதானது.

வாடகைக்கு இருப்பவர்கள் சீலிங்கைத் தொடவே வேண்டாம். சட்டங்களை வீடு மாறும்போது கையோடு கொண்டுபோகலாம். தவில், ட்ரம் செட் வாசிப்பவர்களுக்கு மேலே சொன்ன எதுவும் போதாது. மணிக்கணக்கில் வாடகைக்கு ஒரு ஸ்டூடியோ பிடியுங்கள்.