கம்பியை விட்டதும் பழுப்பாகும் தண்ணீர்

குழாய்த் தண்ணீரில் கம்பிகளை விட்டு கரண்ட் கொடுத்தால் பழுப்பாகிறது, ஆர்ஓ (உப்பை நீக்கும் வடிகட்டி) தண்ணீர் தெளிவாகவே இருக்கிறது. ஆகவே குழாய்த் தண்ணீர் முழுக்க அழுக்கு என்று ஒரு வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு. அந்த நிறம் கம்பியின் இரும்பு கரைந்து துருவாவதால் வருவது. ஆர்ஓ தண்ணீரில் உப்புகள் குறைவு, மின்சாரம் சரியாகப் பாயாது, அவ்வளவுதான். ஆர்ஓ மெஷின் விற்க வந்து இதைச் செய்து காட்டுபவரிடம், அதே ஆர்ஓ டம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு மறுபடி செய்யச் சொல்லுங்கள். அதுவும் பழுப்பாகும். விற்க வந்தவர் முகத்தை அப்போது பார்க்க வேண்டும்!

அப்புறம், எல்லா வீட்டுக்கும் ஆர்ஓ வேண்டியதில்லை. இந்தியத் தரநிலை ஐஎஸ் 10500 படி, டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்துள்ள உப்பு முதலியவற்றின் மொத்த அளவு) லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. உப்புக் கரிக்கும் போர்வெல் என்றால் ஆர்ஓ சரி. உப்பு குறைந்த ஆற்று நீர் வரும் வீட்டில் பெரும்பாலும் கிருமிதான் கவலை. அதற்கு யுவி (புற ஊதா ஒளியால் கிருமியைக் கொல்லும் கருவி) போதும், கொதிக்க வைத்தாலும் போதும்.