சைட் சைட்டா போய் வேண்டாம்னு சொல்லணுமா?

உங்க கட்டுரையில, கலிஃபோர்னியா சட்டப்படி விளம்பரத்துக்கு நம்ம தகவலை பகிராதேன்னு கம்பெனிங்ககிட்ட சொல்ற உரிமை இருக்கு, பக்கத்துக்கு அடியில ஒரு லிங்க் இருக்கும் அத க்ளிக் பண்ணா போதும்னு எழுதியிருக்கீங்க, சரிதான் ஆனா ஒவ்வொரு சைட்டா போய் அந்த லிங்க்க தேட யாருக்குங்க நேரம் இருக்கு. இதுக்கு குளோபல் ப்ரைவசி கன்ட்ரோல்னு ஒரு பிரவுசர் வசதி இருக்கு, அத சொல்லாம விட்டுட்டீங்களே. ஃபயர்ஃபாக்ஸ் செட்டிங்ஸ்ல ஆன் பண்ணிக்கலாம், பிரேவ் பிரவுசர்ல தானாவே ஆன்ல இருக்கும். போற சைட்டுக்கெல்லாம் பிரவுசரே "விக்காதே, பகிராதே"ன்னு சொல்லிடும், அத கலிஃபோர்னியால கம்பெனிங்க மதிச்சே ஆகணும். மதிக்கலன்னு அழகு சாதனப் பொருள் விக்கிற செஃபோரா கம்பெனி மேல அந்த மாநில அட்டர்னி ஜெனரல் (அரசோட தலைமை வக்கீல்) நடவடிக்கை எடுத்து 2022ல 12 லட்சம் டாலர் கட்ட வச்சாங்க.

ஆனா அந்தந்த சைட்ல லாகின் பண்ணாம இருந்தா அது அந்த பிரவுசருக்கு மட்டும்தான், போன் ஆப்ல தனியா பண்ணணும். ஏற்கனவே வெளிய போன தகவல் திரும்ப வராது, அதுக்கு அழிக்கச் சொல்லி தனியா கேக்கணும்.

எனக்கு கோவம் வர்றது வேற விஷயத்துல. 16 வயசுக்கு கீழ இருந்தா முதல்ல சம்மதம் வாங்கிட்டுதான் விக்கணும்னு அதே சட்டம் சொல்லுது. அப்போ பெரியவங்களுக்கு மட்டும் ஏன் தலைகீழா? நாம வேண்டாம்னு சொல்ற வரைக்கும் எடுத்துக்கலாம்னா என்ன நியாயம், நம்மகிட்ட முதல்ல கேளுங்க, சரின்னா எடுங்க.