அந்தப் பையனின் குப்பைப் பை

அந்தப் போட்டோ நேற்று ராத்திரி மட்டும் மூன்று குரூப்பில் எனக்கு வந்துவிட்டது. உங்களுக்கும் வந்திருக்கும். டோக்கியோவில், நிஷி-கசாயில் ஒரு அபார்ட்மென்ட் வாசல். குப்பை எடுக்க வந்தவர்கள் எடுக்காமல், தப்பு என்று ஸ்டிக்கர் ஒட்டி விட்டுப்போன பை. பைக்குள்ளே ஊறுகாய் பாட்டில், லேபிளில் தமிழ் எழுத்து. அந்த எழுத்தை வைத்து யார் வீட்டுப் பை என்று கண்டுபிடித்து, பையன் லிஃப்டுக்கு நிற்கும்போது பின்னாலிருந்து இன்னொரு படமும் எடுத்து, "இவனுங்களாலதான் நம்ம மானம் போகுது" என்று போட்டிருக்கிறார்கள். கீழே வரிசையாகச் சிரிப்பு.

அந்தப் பையன் டோக்கியோவுக்கு வந்து பத்தொன்பது நாள் ஆகிறது. பத்தொன்பதே நாள்.

காலையில் அவனைப் போய்ப் பார்த்தேன், எங்கள் தெருவுக்கு அடுத்த தெருதான். கதவைத் திறக்கவே யோசித்தான். "தெரியாம வச்சுட்டேன்க்கா" என்று நாலு தடவை சொன்னான். திருட்டு செய்து பிடிபட்டவன் மாதிரி சொன்னான். எனக்கு அதுதான் தாங்கவில்லை. இருபத்து நாலு வயசுப் பையன், பாட்டிலைத் தப்பான கிழமையில் வைத்ததற்கு இப்படிக் கூனிக் குறுகி நிற்கிறான். அவனை இப்படி நிற்க வைத்தது ஜப்பான்காரர்கள் கிடையாது. அவர்கள் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார்கள், அவ்வளவுதான். மற்றதெல்லாம் நாம் செய்தது.

நான் கேட்பது ஒரே கேள்வி. அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும், ஊரில் இருந்து படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். எரியும் குப்பை வாரத்தில் இரண்டு நாள். எரியாதது மாதத்தில் இரண்டே நாள். பாட்டில், டப்பா, பேப்பர் எல்லாம் தனிக் கிழமை. எதுவானாலும் காலை எட்டு மணிக்குள் வைக்க வேண்டும், காக்கா கிழிக்காமல் மேலே வலையை இழுத்து மூட வேண்டும். முந்தின ராத்திரியே வைத்தால் பக்கத்து வீட்டில் முகம் சுளிப்பார்கள். ஒரு பக்கம் 30 செ.மீ.க்கு மேல் இருக்கும் சாமான் என்றால் அது பெருங்குப்பை. முன்பதிவு செய்து, கடையில் கட்டணச் சீட்டு வாங்கி ஒட்டி வைக்க வேண்டும். அப்பளம் பொரித்த எண்ணெயைத் தொட்டியில் ஊற்றக்கூடாது, பழைய பேப்பரில் ஊறவைத்தோ, பொடி போட்டுக் கட்டியாக்கியோ எரியும் குப்பையில் போட வேண்டும். இத்தனையும் நிஷி-கசாய் இருக்கும் எதொகாவா வார்டுக்கு. ஆற்றைத் தாண்டி அடுத்த வார்டுக்குப் போனால் கிழமை மாறும், பிரிக்கிற விதமும் மாறும். இதெல்லாம் பிறக்கும்போதே யாருக்கும் தெரிந்திருக்காது. உங்களுக்கும் தெரிந்திருக்கவில்லை. யாரோ சொல்லிக்கொடுத்தார்கள்.

எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு திருநெல்வேலி அக்கா. 2014 ஏப்ரலில் வந்தேன். வந்த நாலாம் நாள் கதவைத் தட்டி, "என்ன தாயி, சாப்பிட்டியா? செருப்பை மாட்டு, வா" என்றார்கள். அன்றைக்கு முழுக்க என்னைக் கூட்டிக்கொண்டு நடந்தார்கள். வீடு கிடைத்துக் குடியேறினால் பதினாலு நாளுக்குள் வார்டு ஆபீசில் விலாசம் பதிய வேண்டும், ரெசிடென்ஸ் கார்டு எப்போதும் கையில் இருக்க வேண்டும், கேஸ் திறந்துவிட ஆள் வரும்போது நாம் வீட்டில் இருக்க வேண்டும், இட்லி அரிசி எந்தக் கடையில் கிடைக்கும், எல்லாம் அவர்கள் சொன்னதுதான். சூப்பர் மார்க்கெட்டில் நிற்க வைத்து இரண்டு கான்ஜி எழுத்தைக் கையில் பேனாவால் எழுதிக் காட்டினார்கள். இது மாடு, இது பன்றி, பாக்கெட்டைத் திருப்பி இதைப் பார்த்துவிட்டு எடு என்றார்கள். மிசோ சூப் பார்க்கச் சைவம் மாதிரி இருக்கும், பெரும்பாலும் மீன் சாறில்தான் செய்வார்கள் என்று அவர்கள் சொல்லித்தான் என் மாமியாருக்குத் தெரிந்தது.

ஊரிலிருந்து தூக்கி வந்த மிக்ஸியைப் போட்டேன், சுற்றவே மாட்டேன் என்றது. நம் மிக்ஸிக்கு 230 வோல்ட் வேண்டும், இங்கே சுவரில் வருவது 100 வோல்ட். அக்காதான் தன் வீட்டு ட்ரான்ஸ்ஃபார்மரைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். "காலைல எட்டுக்கு முன்னாடி அரைக்காத, கீழ் வீட்டுக்குக் கேக்கும்" என்பதையும் சேர்த்துச் சொன்னார்கள். அக்கா இப்போது ஆஸ்திரேலியாவில் இருக்கிறார்கள். அந்த ட்ரான்ஸ்ஃபார்மர் இன்னும் என் சமையலறையில்தான் இருக்கிறது.

இன்னொன்று சொல்ல வேண்டும், இதுவரை எங்கேயும் எழுதியதில்லை. நம் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் அந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். இங்கே எல்லா இடத்திலும் குடும்பப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். வந்த இரண்டாவது மாதம் காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கவுன்ட்டரில் ஒரு பெண் அப்பா பெயரைச் சொல்லி, பின்னால் 'சாமா' போட்டு மரியாதையாகக் கூப்பிட்டார். நான் எழுந்திருக்கவில்லை. திரும்பவும் கூப்பிட்டார். அப்பா போய் அப்போது எட்டு மாதம். இந்த ஊரில் யாருக்கும் தெரியாத அந்தப் பெயரை ஒலிபெருக்கியில் கேட்டதும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. பக்கத்தில் இருந்த அக்கா முதுகில் கை வைத்து, "உன்னையத்தான் கூப்பிடுறாங்க, எழுந்திரு" என்றார்கள். அந்தக் கை இல்லாவிட்டால் அன்றைக்கு நான் எழுந்து வீட்டுக்கு ஓடியிருப்பேன்.

இந்தப் பையனுக்கு அப்படி ஒரு கை கிடைக்கவில்லை. அவனுக்குக் கிடைத்தது போட்டோ.

"வார்டு ஆபீசில் இங்கிலீஷில் புத்தகம் கொடுக்கிறார்கள், படிக்க வேண்டியதுதானே" என்கிறார்கள். கொடுக்கிறார்கள், உண்மைதான். நல்ல புத்தகம். ஆனால் வந்த முதல் மாதம் எப்படி இருக்கும் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். போன் நம்பர் இல்லாமல் வீடு தரமாட்டார்கள். வீட்டு விலாசம் இல்லாமல் பேங்க் கணக்கு கிடையாது. பேங்க் கணக்கோ கார்டோ இல்லாமல் போன் எடுப்பது கஷ்டம். ஆறு மாதம் ஆகவில்லை என்று பேங்கில் திருப்பி அனுப்புவார்கள். பாஸ்போர்ட்டில் இருக்கும் நீளப் பெயர் ஃபாரத்துக் கட்டத்துக்குள் அடங்காது. வெளிநாட்டுப் பெயர்களை எழுதும் கட்டகானா எழுத்தில் ஒரு இடத்தில் ஒரு மாதிரி, இன்னொரு இடத்தில் வேறு மாதிரி எழுதிவிட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இதற்கு நடுவில் காலையில் தோசாய் லைனில் ஏற வேண்டும். 2019 கணக்கில் கிபாவுக்கும் மொன்சென்-நகாச்சோவுக்கும் இடையில் 199 சதவீத நெரிசல், அதாவது ஏற வேண்டிய கூட்டத்தைப் போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, இருந்த ரயில் அது. ஆபீஸ் போய்விட்டு ராத்திரி பத்து மணிக்கு வருகிற பையன் குப்பைப் புத்தகத்தை எடுத்து வைத்துப் படிப்பானா? நீங்கள் படித்தீர்களா? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள்.

வந்த இரண்டாம் ராத்திரி கட்டில் ஆடியிருக்கிறது. சின்ன நிலநடுக்கம்தான், நாமெல்லாம் புரண்டு படுத்திருப்போம். அவன் செருப்பு கூடப் போடாமல் ஆறு மாடி இறங்கி ரோட்டில் நின்றிருக்கிறான். வேறு ஒருத்தரும் வெளியே வரவில்லை. தனியாக அரை மணி நேரம் நின்றுவிட்டு மேலே ஏறினானாம். அதைச் சொல்லும்போது தலையைக் குனிந்துகொண்டான். நிலம் ஆடினால் வெளியே ஓடக்கூடாது, மேஜைக்கு அடியில் போக வேண்டும் என்று யாராவது ஒரு மெசேஜ் போட்டிருக்கலாமே. அந்தக் குரூப்பில் முந்நூறு பேர் இருக்கிறோம்.

"நாங்க என்ன ஆயாவா, ஒவ்வொருத்தனுக்கா சொல்லிக்கொடுக்க?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஒவ்வொருவருக்கும் சொல்ல வேண்டாம். ஒருத்தருக்குச் சொல்லுங்கள். அந்தப் போட்டோவை எடுத்து, ஃபோனில் வட்டம் போட்டு, தலைப்பு எழுதி, மூன்று குரூப்பில் அனுப்பிய நேரம் போதும். கதவைத் தட்டி "தம்பி, பாட்டில் நாளைக்கு இல்ல, வியாழக்கிழமை" என்று சொல்ல அரை நிமிஷம் ஆகுமா?

அடுத்தது எல்லோரும் பெரிதாகப் பேசுவது. இவர்கள் செய்வதால்தான் இந்தியர்களுக்கு வீடு கொடுக்க மாட்டேன் என்கிறார்களாம். இதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். குப்பை கிழிந்து நாறினால் கஷ்டப்படுவது பக்கத்து வீட்டு வயசானவர்கள். அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் வீடு கொடுக்காதது இந்தப் பையன் வந்த பிறகா ஆரம்பித்தது? ஜப்பான் நீதி அமைச்சகமே 2016-இல் கணக்கெடுத்து அடுத்த வருஷம் வெளியிட்டது. முந்தைய ஐந்து வருஷத்தில் வீடு தேடிய வெளிநாட்டவரில் 39.3 சதவீதம் பேர் வெளிநாட்டவர் என்பதற்காகவே மறுக்கப்பட்டோம் என்று சொன்னார்கள். அதில் அமெரிக்கர், கொரியர், சீனர் எல்லோரும் இருப்பார்கள். அத்தனை பேரும் ஊறுகாய் பாட்டிலைத் தப்பாகப் போட்டவர்களா? நாங்கள் வந்தபோது நாலு இடத்தில் மறுத்தார்கள், நாங்கள் அதுவரை இந்த ஊரில் ஒரு குப்பைகூடப் போட்டதில்லை. மறுக்காத இடத்தில் ஷிகிகின் என்ற முன்பணம், வீட்டு ஓனருக்குக் கொடுத்தால் திரும்ப வராத ரெய்கின், ஜாமீன் கம்பெனிக்கு, ஏஜெண்டுக்கு என்று நாலைந்து மாத வாடகையை முன்னாலேயே எண்ணி வைக்கச் சொன்னார்கள். கடைசியில் ரெய்கினும் ஜாமீனும் கேட்காத, அரசு சார்ந்த யூஆர் குடியிருப்பில்தான் இடம் கிடைத்தது.

அந்தக் குடியிருப்பில் நமக்கு இடம் எப்படிக் கிடைக்க ஆரம்பித்தது என்று சிரித்தவர்களுக்குத் தெரியுமா? 2000-ஆம் வருஷத்துக் கம்ப்யூட்டர் பிரச்சினைக்காக நம் ஊர் இன்ஜினியர்கள் கூட்டமாக வந்தபோது வீடு கிடைக்காமல் அலைந்தார்கள். 1970-களின் கடைசியிலேயே இங்கே வந்து தேயிலை வியாபாரம் செய்துகொண்டிருந்த ஜக்மோகன் சந்திரானி என்பவர்தான் அவர்களுக்காக வீட்டுக்காரர்களிடம் போய்ப் பேசினார், சாப்பாட்டுக்கும் ஏற்பாடு செய்தார். அவர் கொல்கத்தாக்காரர். வந்தவர்களில் எத்தனையோ பேர் தமிழர்கள். நீ யார், எந்த ஊர் என்று பார்த்துவிட்டா செய்தார்? அந்த மனுஷன் அன்றைக்குப் புதிதாக வந்தவர்களைப் போட்டோ எடுத்துக்கொண்டு நின்றிருந்தால் இன்றைக்கு நிஷி-கசாயில் நமக்கு வீடும் இருக்காது, இட்லி மாவும் கிடைத்திருக்காது.

நான் குரூப்பில் இதையெல்லாம் இன்னும் சுருக்கமாக, தன்மையாகத்தான் எழுதினேன். அதற்கு வந்த பதில்: "டிபென்டன்ட் விசால வந்து வீட்ல உக்காந்திருக்கிறவங்களுக்கு இதோட சீரியஸ்னஸ் புரியாது."

இதை எழுதலாமா வேண்டாமா என்று ராத்திரி யோசித்துக்கொண்டே இருந்தேன். எழுதிவிடுகிறேன். ஆமாம், டிபென்டன்ட் விசாவில்தான், அதாவது கணவர் விசாவைச் சார்ந்துதான் வந்தேன். வாரத்துக்கு 28 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்ய அனுமதி கிடையாது, அதற்கும் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். ஊரில் ஆறு வருஷம் சம்பாதித்துவிட்டு வந்தவள் நான். ஆனால் குப்பையைப் பிரித்தது யார்? பால்வாடி விண்ணப்பத்தை அகராதி வைத்து நிரப்பியது யார்? கீழ் வீட்டுப் பாட்டியிடம் பிள்ளை ஓடும் சத்தத்துக்கு மன்னிப்புக் கேட்டு பிஸ்கட் டப்பாவோடு நின்றது யார்? இரண்டாவது வருஷம் ஜூனில் திடீரென்று, முந்தின வருஷ வருமானத்துக்கான குடியிருப்பு வரி பிடித்து வீட்டுக்காரர் சம்பளம் குறைந்தபோது கடுகு டப்பாவில் இருந்த பணத்தை வைத்து மாதத்தை ஓட்டியது யார்? ஆபீஸ் போகிறவர்களுக்கு ஆபீஸ் இருக்கிறது, அங்கே நாலு பேர் பேசுவார்கள். வீட்டில் இருக்கிறவளுக்கு இந்த ஊரே நேருக்கு நேர். ஜப்பானில் எப்படிக் குடித்தனம் நடத்துவது என்று இந்த வட்டாரத்தில் சொல்லிக்கொடுத்தவர்கள் பெரும்பாலும் வீட்டில் உட்கார்ந்திருந்த பெண்கள்தான். அந்தத் திருநெல்வேலி அக்காவும் டிபென்டன்ட் விசாதான்.

அந்தப் பதிலைப் போட்டவர் குடும்பத்தோடு வந்த முதல் வாரம் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார். அவர் மனைவியை வார்டு ஆபீசுக்குக் கூட்டிப்போனது நான். இதைச் சொல்லிக்காட்டுவது சரியில்லை என்று தெரியும். வலிக்கிறது, சொல்கிறேன்.

2024 முடிவில் ஜப்பானில் வெளிநாட்டவர் 37 லட்சத்து 68 ஆயிரம் பேர். இன்னும் வருவார்கள். நம் ஊர்ப் பிள்ளைகளும் வருவார்கள், அம்மா கட்டிக்கொடுத்த ஊறுகாயோடுதான் வருவார்கள்.

தயவுசெய்து அந்தப் போட்டோவை அழித்துவிடுங்கள். பையன் குரூப்பை விட்டு வெளியேறிவிட்டான், இனி உங்கள் சிரிப்பை அவன் பார்க்கப் போவதில்லை. ஆனாலும் அழியுங்கள், முகம் தெரியாவிட்டாலும் அவன் சட்டை தெரிகிறது.

இன்று மதியம் அவனோடு உட்கார்ந்து குப்பைக் காலண்டரில் தமிழில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டு வந்தேன். அந்தப் பாட்டிலைக் கழுவி மூடியைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறோம், வியாழக்கிழமை போகும். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அவனையும் இன்னும் இரண்டு பேரையும் அரிசிக் கடை, வார்டு ஆபீஸ் பக்கம், நிலநடுக்கத்துக்கு ஒதுங்க வேண்டிய பள்ளிக்கூடம் எல்லாம் காட்டக் கூட்டிப்போகிறேன். புதிதாக வந்தவர்கள் யாராவது உங்கள் கட்டடத்தில் இருந்தால் அனுப்பிவையுங்கள். நிஷி-கசாய் ஸ்டேஷன் வாசலில் நிற்பேன்.