பழைய ஜெர்மன் செடான் வாங்கப் போகும் தம்பிகளுக்கு

தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கத்துத் தம்பிகள் இப்போது அடிக்கடி கேட்பது இதுதான்: "அண்ணா, புது கிரெட்டா விலைக்குப் பழைய பிஎம்டபிள்யூ வருது, எடுக்கலாமா?"

எடுக்கலாம். ஆனால் அந்த கார் காட்டும் சர்வீஸ் கணக்கை மட்டும் நம்பாதீர்கள். ஐரோப்பாவில் ஒரு முறை ஆயில் மாற்றினால் 30,000 கிலோமீட்டர் வரைகூட விடுவார்கள். அங்கே நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் ஓடும் வண்டிக்கு அது சரி. எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஏசி போட்டு நிற்கும்போது ஓடோமீட்டர் நகராது, எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருக்கும். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவின் சூட்டில் ஆயில் கெட்டுக்கொண்டே போகும். அதனால் 7,500 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இது வெறும் பயம் இல்லை. பிஎம்டபிள்யூவின் என்63 வி8 எஞ்சினில் இரண்டு டர்போவும் சிலிண்டர் வரிசைகளுக்கு நடுவிலேயே உட்கார்ந்திருக்கும். அந்தச் சூட்டில் வால்வு சீல் இறுகிப்போய் ஆயில் குடிக்க ஆரம்பித்தது. 2014இல் அமெரிக்காவில் கம்பெனியே தனித் திட்டம் அறிவித்து, ஆயில் மாற்றும் இடைவெளியைக் குறைத்தது. 2007இல் வந்த எம்3யின் 4 லிட்டர் வி8 எஞ்சின் நிமிடத்துக்கு 8,000 சுற்றை (ஆர்பிஎம்) தாண்டிச் சுற்றும், கேட்கவே அவ்வளவு சுகம். அதில் ராட் பேரிங், அதாவது பிஸ்டன் தண்டு கிராங்க்கில் சுழலும் இடத்து பேரிங், தேய்வது ஊரறிந்த விஷயம். பார்க்காமல் விட்டால் எஞ்சினே போய்விடும்.

கியர்பாக்ஸும் அப்படித்தான். ஆயுளுக்கும் ஆயில் மாற்ற வேண்டாம் என்று விற்றார்கள். ஆனால் பல பிஎம்டபிள்யூக்களில் இருக்கும் 8 ஸ்பீடு ஆட்டோமேட்டிக் பெட்டியைச் செய்யும் இசட்எஃப் கம்பெனியே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது.

எல்லா எஞ்சினும் மோசம் என்று சொல்லவில்லை. 2015இல் வந்த பி58 ஆறு சிலிண்டர் அருமையான எஞ்சின், டொயோட்டாவே தன் சுப்ரா ஸ்போர்ட்ஸ் காருக்கு எடுத்துக்கொண்டது. 2021இல் இந்தியாவுக்கு வந்த எம்340ஐ காரில் இருப்பதும் அதுதான். அதுவும் நம்ம சென்னை பக்கத்து மகேந்திரா சிட்டியில் இருக்கும் பிஎம்டபிள்யூ ஆலையில் பூட்டப்படும் கார். பட்ஜெட் எட்டினால் அதற்கே என் ஓட்டு. ஆனால் அதற்கும் வயதானால் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் ஓடும் பிளாஸ்டிக் பாகங்கள் விரிசல் விடும். கார் விலை பாதியானாலும் பார்ட்ஸ் விலை பாதியாகாது.

அப்புறம் மழை. வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் இறங்கவே இறங்காதீர்கள், இன்சூரன்சில் எஞ்சின் பாதுகாப்புக் கவர் கட்டாயம் போடுங்கள்.

வாங்கும்போது பெயின்ட் பளபளப்பைப் பார்க்காமல், ஆயில் மாற்றிய பில்களைக் கேளுங்கள். தேதியும் கிலோமீட்டரும் ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பில் இல்லையா? எஞ்சின் ஆயில், கியர்பாக்ஸ் ஆயில், கூலன்ட் வேலை எல்லாவற்றுக்கும் கொட்டேஷன் வாங்கி, அந்தத் தொகையை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் அடுத்த வண்டியைப் பாருங்கள்.