பெரிய விமானம் ஓட்டியவருக்குச் சின்னது தெரியாதா?

தம்பி, "விமான நிறுவனத்தில் இருந்தவருக்குச் சின்ன விமானம் ஓட்டத் தெரியாது, எல்லாம் ஓட்டோபைலட்தான், அதனால்தான் பறப்புப் பள்ளிகள் வேலை கொடுப்பதில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். இது பிழை. அவர்களில் பெரும்பாலானோர் செஸ்னா 172 போன்ற ஒற்றை இயந்திர விமானத்தில்தான் பழகத் தொடங்கியவர்கள்.

ஆண்டுக்கணக்கில் ஜெட்டில் இருந்தால் பழக்கம் மாறும், சரி. பெரிய ஜெட்டில் விமானியின் இருக்கை ஓடுபாதையிலிருந்து பல மீற்றர் உயரத்தில் இருக்கும். அதே கண் கணக்கில் செஸ்னாவை இறக்கினால் முன்கூட்டியே மூக்கை உயர்த்திவிடுவார். கிளம்பும்போது புரொப்பெல்லர் இடப்பக்கம் இழுக்கும். அதைச் சரிசெய்ய வலது கால் மிதியை அழுத்த மறப்பார். வவுனியா–கொழும்பு பஸ் ஓட்டியவர் லாண்ட்மாஸ்டரில் (இருசக்கர உழவு இயந்திரத்தில்) ஏறினால் முதலில் தடுமாறுவார்தானே? பயிற்றுநரோடு மறுபடி பறந்து பழகினால் இது சரியாகிவிடும்.

காப்புறுதிக்காரர் மொத்தப் பறப்பு மணிகளை மட்டும் பார்ப்பதில்லை, அந்த ரக விமானத்தில் அண்மையில் எவ்வளவு பறந்தார் என்றும் கேட்பார்கள். ஐரோப்பாவில் ஒற்றை இயந்திரத் தகுதி 2 ஆண்டுதான் செல்லும். கற்பிக்கப் பயிற்றுநர் தகுதி தனியே வேண்டும். இவையெல்லாம் நியாயமான கேள்விகள்.

ஆனால் "சம்பளம் கூடக் கேட்பார், சொல்வழி கேளார், நிறுவனம் கூப்பிட்டால் ஓடிவிடுவார்" என்று பறப்புப் பள்ளிகள் நேர்முகத்துக்கே அழைக்காமல் விடுகிறார்களே, அது வெறும் முன்முடிவு. எனக்குக் கோபம் வருவது இதில்தான். சர்வதேச வணிகப் பறப்பில் 65 வயதோடு நிறுத்த வேண்டும் என்பது விதி. பயிற்றுநருக்கு அந்தச் சர்வதேச எல்லை இல்லை. அவ்வளவு அனுபவத்தோடு கற்றுக்கொடுக்க வருபவரை வாசலிலேயே திருப்புகிறார்கள்.

அந்த வரியைத் திருத்திவிடுங்கள், தம்பி. ஏ.எல். எழுதிவிட்டு விமானியாக நினைக்கும் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பிள்ளைகளும் இதை வாசிக்கிறார்கள்.