காஞ்சனபுரியில் யாருக்குக் கல் இருக்கிறது

தாய்லாந்து டூர் போய், காஞ்சனபுரி போர்க் கல்லறையையும் பார்த்துவிட்டு வரும் நம்மாட்கள் பலரும் ஒரே மாதிரிதான் கொதிக்கிறார்கள். வெள்ளைக்காரனுக்குப் புல்வெளி, பூச்செடி, வெண்கலத் தகடு, அதே ரயில் பாதை போடப் போய்ச் செத்த நம்ம மலாயாத் தோட்டத்து ஜனங்களுக்கு என்ன இருக்கு என்று. கோபம் நியாயம்தான். ஆனால் அந்தப் புல்வெளி எப்படி வந்தது என்று தெரிந்தால் கோபம் கொஞ்சம் இடம் மாறும்.

இரண்டாம் உலகப் போரில், 1942இல் தொடங்கி 1943 அக்டோபருக்குள் சயாமையும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவையும் இணைத்து 415 கிலோமீட்டர் ரயில் பாதையை ஜப்பான்காரன் போட்டு முடித்தான். அதில் செத்த போர்க் கைதிகள், அதாவது ஜப்பானிடம் பிடிபட்ட பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுப் படை வீரர்கள் மட்டும் 12,000க்கு மேல். முகாமில் ஒருத்தன் செத்தால் பெயர், படைப்பிரிவு, தேதி, புதைத்த இடம் எல்லாவற்றையும் கூட இருந்தவர்கள் எழுதி வைத்தார்கள், சில இடங்களில் அந்தக் காகிதத்தைப் பாட்டிலில் போட்டுப் பிணத்தோடேயே புதைத்தார்கள். 1945 செப்டம்பரில், சண்டை முடிந்த கையோடு, விடுதலையான கைதிகளிலேயே சிலர் சொந்த ஊருக்குக் கிளம்பாமல் அதே பாதையில் திரும்பிப் போய்க் காட்டுக்குள் குழிகளைத் தேடினார்கள். அப்புறம்தான் உடல்களை எடுத்து வந்து காஞ்சனபுரி, சுங்காய், பர்மாவில் தான்பியூசாயாட் என்று மூன்று இடத்தில் சேர்த்தார்கள். காஞ்சனபுரியில் மட்டும் கிட்டத்தட்ட 7,000 பேர், அதில் 1,896 பேர் டச்சுக்காரர்கள். தகடுகளை வரிசையாகப் படித்துக்கொண்டே போனால் 22, 24, 27 என்று வயது, 1943 என்று திரும்பத் திரும்ப வருஷம்.

நம்மவர்கள்? மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள், பர்மியர், ஜாவாக்காரர் எல்லாரையும் சேர்த்து 80,000 முதல் 1,00,000 பேர் வரை செத்திருக்கலாம் என்பது மதிப்பீடு. இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் இருக்கும் 20,000, செத்த போர்க் கைதிகள் மொத்தத்தையும்விட அதிகம்! கைதிகளோடு அவர்களுடைய டாக்டர்களும் அதிகாரிகளும் இருந்தார்கள். காலரா வந்தபோது கூலி முகாமில் யார் இருந்தார்கள்? இந்தக் கல்லறைகளைப் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமும் முக்கியமாகப் படையில் இருந்து செத்தவர்களுக்கானதுதான், அது வேறு.

காஞ்சனபுரியிலேயே வாட் தாவோர்ன் கோயிலில் அந்தத் தொழிலாளர்களின் எலும்புகளை வைத்த நினைவிடம் ஒன்று உண்டு, 2023இல் அங்கே தமிழர்களுக்காக ஒரு நடுகல்லும் நாட்டினார்கள். சந்தோஷம்தான், ஆனால் இன்னொரு சிலை, இன்னொரு மேடை, இன்னொரு பொன்னாடை என்று யாராவது கிளம்பினால் எனக்கு எரிச்சல்தான் வரும். முதலில் பெயர்ப் பட்டியல் வேண்டும். தோட்டத்தில் கிராணி (கணக்குப்பிள்ளை) தினமும் பெயர் கூப்பிட்டு ஆள் கணக்கு எழுதின நோட்டு இருந்ததே, எந்தத் தோட்டத்தினுடையதாவது எங்காவது மிஞ்சியிருக்கிறதா என்று முறையாகத் தேட ஒரு மலேசிய அரசுத் துறையோ பல்கலைக்கழகமோ காசு ஒதுக்கட்டும்.

மலேசியாவில் இருப்பவர்கள், உங்கள் தாத்தாவோ பெரியப்பாவோ சயாமுக்குப் போய்த் திரும்பவில்லை என்றால் பெயர், அப்பா பெயர், தோட்டம், இந்தியாவில் எந்த ஊர் என்று வீட்டில் இருக்கும் வயசானவர்களைக் கேட்டு இந்த வாரமே எழுதி வையுங்கள். போட்டோ இருந்தால் அதன் பின்பக்கத்தையும் ஸ்கேன் பண்ணுங்கள்.